இழுத்தால் நிற்க வேண்டும்

என் மச்சானின் இடது காலை எடுப்பதற்குக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அதையும் தப்பான இடத்தில் போட்டேன்.

அன்றைக்கு மச்சானுக்குக் காய்ச்சல் ஏறி நினைவே இல்லை. அவருக்கு ஒரே மகன். அவனும் வேலை விஷயமாக விமானத்தில் போய்க்கொண்டிருந்தான். மச்சானின் தங்கை, அதாவது என் மனைவி, டாக்டர் கையில் இருந்த தாளைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்துவிட்டாள். மிச்சம் இருந்தது நான். டாக்டர் பொறுமையான மனிதர். இனிப்பு நீர் வியாதி, பாதத்தில் அழுகல், விஷம் மேலே ஏறுகிறது என்று படிப்படியாக விளக்கிக்கொண்டிருந்தார். ‘முட்டிக்கு மேலே’ என்ற இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது நான் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்தே போட்டு முடித்திருந்தேன். எனக்குப் பதற்றம் வந்தால் அப்படித்தான். கை முதலில் போய்விடும். மூளை அடுத்த பஸ் பிடித்து வரும்.

நர்ஸ் தாளை வாங்கிப் பார்த்தாள். “அங்கிள், பேஷண்ட் போடற எடத்துல நீங்க போட்டிருக்கீங்க. இதப் பாத்தா உங்க காலத்தான் எடுக்கணும்.”

நான் என் இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். கதைக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே இழுத்துக்கொண்டேன்.

வேறு தாள் கொடுத்தார்கள். சரியான இடத்தில் போட்டேன். கால் போனது.

கண் விழித்த மச்சான் போர்வையைப் பார்த்தார், போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“என்னைக் கேட்டியா?”

“நெனவே இல்லாத ஆளுகிட்ட என்னத்த மச்சான் கேக்கறது?”

“நெனவு வர்ற வரைக்கும் நிக்க வேண்டியதுதான? ஒனக்கு என்னா அவசரம்? வெட்டுன காலு ஒனக்கு வேணுமா?”

அன்றிலிருந்து நான் ‘கால் வித்த மாப்ள’. கல்யாண வீட்டில், கருமாதி வீட்டில், சாப்பாட்டுக் கடையில், எங்கே பார்த்தாலும் அந்தப் பெயர்தான். மச்சான் மாப்பிள்ளை உறவில் கிண்டலுக்குத் தடை கிடையாது. கேட்பவர்கள் சிரித்தே ஆக வேண்டும். சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எல்லாரையும் விடச் சத்தமாக. நர்ஸ் சொன்னதை யாரும் என்னை முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாதே என்று நானே போகிற இடமெல்லாம் சொன்னேன்.

இதில் செருப்பு விஷயம் வேறு. மச்சான் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்குவார். வலதைப் போட்டுக்கொண்டு இடதை என் பட்டறைக்குக் கொடுத்தனுப்புவார். கிள்ளானில் எனக்கு இரும்பு கேட், ஜன்னல் கிரில் செய்கிற பட்டறை. வாசலில் மாதிரிக்கு ஒரு கேட்டை நிறுத்தி வைத்திருப்பேன். அதன் கம்பியில் செருப்பை மாட்டிவிட்டுப் போகச் சொல்வார். “என் இடதயும் எடுத்துக்கிட்ட, ஒனக்குத்தான் ரெண்டு இடது காலாச்சே மாப்ள. வச்சிக்க.” மூன்று வருடத்தில் ஐந்து இடது செருப்பு சேர்ந்துவிட்டது. கேட் வாங்க வந்தவர்கள் அது திருஷ்டிக்குக் கட்டியது என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

மச்சான் போர்ட் கிள்ளானில் முப்பது வருடம் கொண்டேனர் லோரி ஓட்டியவர். வேலையை விட்டதும் காப்பாரில், ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் பிடித்து ஆடு வளர்க்க ஆரம்பித்தார். பத்தொன்பது ஆடு. அங்கே போகும் பாதை மழைக்காலத்தில் பாதையே இல்லை, செம்மண் கஞ்சி. அதற்காகத்தான் அந்த ஃபோர் வீல் பிக்கப். ஆட்டோ கியர் வண்டி, கிளட்ச் கிடையாது. வலது கால் ஒன்று இருந்தால் வேகத்துக்கு எண்ணெயும் மிதிக்கலாம், நிறுத்தப் பிரேக்கும் மிதிக்கலாம்.

சிக்கல் வண்டியை நிறுத்தி வைக்கும்போதுதான். மற்ற வண்டிகளில் கையால் இழுத்து வைக்கிற பிரேக் இருக்குமே, இந்த வண்டியில் அது கையில் இல்லை. இடது பக்க மூலையில், ஒரு சின்னப் பெடலாக, இடது காலால் மிதித்து வைக்கிற மாதிரி செய்திருந்தான் ஜப்பான்காரன். மச்சானுக்கு இல்லாத காலுக்காகவே ஒரு பெடல்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த செயற்கைக் கால் இருந்தது. அதை வைத்து மிதித்தால் பெடல் இறங்கியதா, பாதியில் நிற்கிறதா என்று அவருக்குத் தெரியாது. “இந்தக் காலு எனக்கு ரிப்போர்ட் குடுக்க மாட்டேங்குது” என்பார். கடைசியில் அதை ஆட்டுக் கொட்டகையில் மாட்டிவிட்டார். ஆடுகள் அதன் தோல் வாரைத் தின்று தீர்த்தன.

கியரை மட்டும் பார்க்கிங்கில் போட்டுவிட்டு இறங்க லோரிக்காரனுக்கு மனசு வருமா? மேட்டில் நிறுத்தினால் வண்டி ‘கடக்’ என்று ஒரு முறை பின்னால் சாய்ந்து கியரில் தொங்கும். அந்தச் சத்தம் மச்சானுக்குப் பிடிக்காது. அதனால் ஒரு செங்கல்லில் கயிறு கட்டி வைத்திருந்தார். வண்டியை நிறுத்துவார், கதவைத் திறப்பார், செங்கல்லை முன் டயருக்குப் பின்னால் இறக்குவார். கயிற்றின் மறுமுனை கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியில் கட்டியிருக்கும். கிளம்பும்போது கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோல் செங்கல்லை உள்ளே இழுத்துக்கொள்வார். இப்படித்தான் லைசன்ஸில் எதையும் மாற்றாமல் மூன்று வருடம் ஆட்டுக்கும் வீட்டுக்குமாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

மகனுக்கு இது தெரிந்தபோது அவன் கத்தவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் பதினோராவது மாடியில் ஃபிளாட், நல்ல வேலை, மெதுவான குரல். மெதுவாகவே சொன்னான்: “அப்பா, போக்குவரத்து இலாகாவுல வண்டியக் காட்டி முறையா லைசன்ஸ் மாத்துங்க. மாத்துனா ஓட்டுங்க, நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். முடியலன்னா ஆட்டக் குடுத்துட்டு என்னோட வந்துருங்க. கீழ லிப்ட் இருக்கு, பக்கத்துலயே கிளினிக் இருக்கு.”

அவன் போனதும் மச்சான் என் பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“பதினோராவது மாடிலேர்ந்து பாத்தா என்னா தெரியும் தெரியுமா? ரயிலு. போற ரயிலு, வர்ற ரயிலு. நான் செத்த அன்னிக்கும் ரயிலு போயிகிட்டுத்தான் இருக்கும்.”

“வண்டி மாத்திக் குடுக்கற கடைங்க இருக்கு மச்சான். கேட்டுப் பாக்கலாம்.”

“அவங்கள்ல எவனாச்சும் என் கால எடுத்தானா? நீதான எடுத்த? நீயே செய்.”

பக்கத்தில் தேத்தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்: “இவருகிட்டயாண்ணே? போன மாசம் இவரு செஞ்ச கேட்டு உள்ளாரயும் தொறக்காது, வெளியயும் தொறக்காது. அந்த வீட்டுக்காரன் செவரு ஏறிக் குதிச்சி வேலைக்குப் போனான்.”

“நிக்கிற பொருள்தான வேணும்” என்றார் மச்சான். “தொறக்காத கேட்டு செய்யறவன்தான் இதுக்குச் சரி.”

என் முதல் வேலை எனக்கே அழகாகத் தெரிந்தது. பெடலில் ஒரு தகடு வைத்து, அதிலிருந்து நேராக மேலே ஒரு கம்பி, நுனியில் கறுப்பு உருண்டை. கம்பியைத் தள்ளினால் பெடல் இறங்கிப் பிரேக் பிடிக்கும். பிரேக்கை விடுவிப்பதற்கு வண்டியிலேயே தனியாக ஒரு சின்னப் பிடி இருந்தது. நான் கெட்டிக்காரன் இல்லையா? அதற்குப் போகும் வயரையும் என் கம்பியோடு சேர்த்துவிட்டேன். தள்ளினால் பிடிக்கும், இழுத்தால் விடும். ஒரே கம்பி, இரண்டு வேலை. நானே பத்துத் தடவை தள்ளி இழுத்துப் பார்த்துவிட்டு, எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

வண்டியில் புதிதாக எதைச் செய்தாலும் எங்கள் ஆட்களுக்குப் பூசை போட்டாக வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் கிள்ளானில் வழக்கமாகப் போகும் கோயிலுக்குப் போனோம். அங்கே வண்டி நிறுத்துகிற இடம் சரிவு. வாசலில் ஒரு அக்கா மேசை போட்டுப் பூ விற்பார். வண்டியை மேட்டைப் பார்த்து நிறுத்தினேன். நான் ஓட்டுகிற இடத்தில், மச்சான் பக்கத்தில். குருக்கள் நாலு டயருக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். சூடம் காட்டியதும் முன்னால் ஏறி நசுக்க வேண்டும்.

“பாருங்க மச்சான். கியர ஃப்ரீயில விடறேன். காலயும் எடுத்துட்டேன். என்னா புடிக்குது!”

காலை எடுத்துவிட்டேன் என்பதைக் காட்டுவதற்காக இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டேன். எல்லாவற்றையும் இரண்டாகச் செய்து காட்டுகிற என் புத்தியை என்ன சொல்ல? ஒற்றைக் கால்காரர் முன்னால் சம்மணம்.

பிரேக் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் தகட்டில் எங்கோ ‘டிக்’ என்று சின்னச் சத்தம் கேட்டது. பயத்தில் இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் என்று நினைத்தேன்.

இழுத்தேன்.

வண்டி பின்னால் உருண்டது. உருள உருள நான் இன்னும் பலமாக இழுத்தேன். இழுக்க இழுக்கப் பிரேக் இன்னும் நன்றாக விடுபட்டது. நானே செய்த கம்பி, நான் செய்தபடியே அருமையாக வேலை செய்தது. “நில்லு! நில்லு!” என்று வண்டியைப் பார்த்துக் கத்தினேன். மாட்டு வண்டி என்று நினைத்துவிட்டேன் போல. ஹாரன் அடித்தேன். எதற்கு அடித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. குருக்கள் சூடம் எரிகிற தட்டோடு வண்டிக்கு முன்னால், மேட்டிலிருந்து எங்களைத் துரத்திக்கொண்டு ஓடி வந்தார். “முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க, பின்னாடி போகப்படாது!” அவருக்குப் பூசை கெடுகிறதே என்ற கவலை.

என் இரண்டு காலும் நல்ல கால்கள். வலது காலுக்கு நேர் கீழே கம்பெனிக்காரன் வைத்த ஒழுங்கான பிரேக் பெடல் இருந்தது. அந்த இரண்டு காலும் சீட்டின் மேல் சும்மா மடிந்து கிடந்தன.

மச்சான்தான் நிறுத்தினார். பக்கத்துச் சீட்டிலிருந்து குறுக்கே சாய்ந்து, தன் கைத்தடியால் பிரேக் பெடலைக் குத்தி அமுக்கினார். வண்டி நின்றது. பூ மேசைக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு சாண்.

பூக்கார அக்கா மல்லிகையைக் கட்டுவதைக்கூட நிறுத்தவில்லை. கண்ணாடிப் பக்கம் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். மச்சானின் காலைப் பார்த்தார். என் சம்மணத்தைப் பார்த்தார்.

“யாருக்குண்ணே ஊனம்?” என்று என்னைக் கேட்டார்.

மச்சான் அன்றைக்குத்தான் மூன்று வருடத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மேட்டில் நாலு எலுமிச்சம்பழமும் ஒரு கீறல் இல்லாமல் கிடந்தன. குருக்கள் அவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, வேறொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது மச்சான் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேசினார். “முப்பது வருசம் நான் எதைப் புடிச்சி வண்டிய நிறுத்துனாலும் இழுத்துத்தான் நிறுத்தியிருக்கேன். பயந்தா மனுசன் தள்ள மாட்டான், தன் பக்கம் இழுப்பான். நீ ஒன் காலக்கூட நாக்காலிக்கு அடியில இழுத்தியே. இழுத்தா நிக்கணும். அவ்ளதான். வேற ஒன்னும் வேணாம்.”

இலாகாவில் கொடுத்திருந்த நாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்தேன். இந்தத் தடவை கம்பியின் நடுவில் ஒரு அச்சாணி. மேல் முனையைத் தன் பக்கம் இழுத்தால் கீழ் முனை முன்னால் போய்ப் பெடலை அமுக்கும், பிள்ளைகள் விளையாடும் ஏற்ற இறக்கப் பலகை மாதிரி. விடுவிக்கிற பிடியைப் பிரித்து, கைக்கு எளிதில் எட்டாத மூலைக்குக் கொண்டுபோய், சிவப்புச் சாயம் அடித்தேன்.

அளவு பார்ப்பதற்காக மச்சானைச் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, நான் கதவுப் பக்கமாகத் தலையைக் கொடுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். டார்ச் லைட் வாயில். முகத்துக்கு நேரே அவருடைய வலது பாதம். செருப்பைக் கழற்றிவிட்டு எண்ணெய்ப் பெடலின் மேல் வைத்திருந்தார்.

பெருவிரலின் அடியில் கறுப்பாக ஒரு வட்டம்.

முதலில் கிரீஸ் என்று நினைத்தேன். பிறகு வாசனை வந்தது. இடது பாதத்தில் மூன்று வருடத்துக்கு முன் வந்த அதே வாசனை.

டார்ச் என் வாயிலிருந்து நழுவி நெஞ்சில் விழுந்தது. மேலே மச்சானின் குரல் கேட்டது.

“என்னா பாத்த?”

“ஒன்னும் இல்ல மச்சான். போல்டு.”

“நல்ல போல்டா?”

“நல்ல போல்டுதான்.”

“அப்ப முடுக்கு.”

முடுக்கினேன். வாழ்க்கையில் எத்தனையோ தடவை பதறியிருக்கிறேன். கத்தியிருக்கிறேன், தப்பான தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஹாரன் அடித்திருக்கிறேன். அந்த ஒரு தடவைதான் பதற்றத்தில் சும்மா இருந்தேன். சொன்னால் என் மனைவி அழுவாள். அவள் அழுதால் மகனுக்குப் போன் போகும். மகன் வருவான். இலாகாவுக்கு மச்சான் போக மாட்டார், ஆடு போய்விடும், ரயில் போகும், ரயில் வரும். இதையெல்லாம் நான் யோசித்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் மறுபடியும் ‘கால் வித்த மாப்ள’ ஆக எனக்குத் தைரியம் இல்லை. மிச்சமிருந்த நாட்களில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஆட்டைப் பற்றிப் பேசினேன்.

அந்த நாள் வந்தது. அதிகாரி மலாய்க்காரர், என் வயது இருக்கும். அவசரமே இல்லாத மனிதர். வண்டியைச் சுற்றி வந்தார். கம்பியைத் தட்டிப் பார்த்தார்.

“இதை யார் செய்தது?” என்று மலாயில் கேட்டார்.

“நான்தான் துவான்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “நான் கேட் செய்கிறவன். ஜன்னல் கிரில்லும் செய்வேன். துவான் வீட்டுக்கு வேண்டுமானாலும்...”

மச்சான் உள்ளேயிருந்து தமிழில், “வாய மூடு மாப்ள, லஞ்சம் குடுக்கறேன்னு நெனச்சி ஒன்னப் புடிச்சி உள்ள வச்சிருவாரு” என்றார்.

அதிகாரி மச்சானை மேட்டில் ஏற்றி நிறுத்தச் சொன்னார். கியரை ஃப்ரீயில் விடச் சொன்னார். பிரேக்கிலிருந்து காலை எடுக்கச் சொன்னார். வண்டி மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது. நான் வெளியே நின்றபடி என் சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் என் பக்கமே இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பொத்தான் தெறித்தது.

“நிறுத்துங்கள்!”

மச்சான் இழுத்தார். வண்டி நின்றது. ஒரு அங்குலம்கூட ஆடவில்லை.

பிறகு அதிகாரி தானே உட்கார்ந்து பார்த்தார். எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வண்டி நகர்ந்ததும் அவர் கை தானாகவே கம்பியை இழுத்தது. இறங்கி வந்து தாளில் குறித்துக்கொண்டார். மச்சானை ஒரு சுற்று ஓட்டச் சொல்லிப் பார்த்தார். அவ்வளவுதான். தாளைக் கொடுத்துவிட்டு, “கேட் நன்றாகத்தான் இருக்கிறது” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. எதிர்க் கடைக்கு ஓடி இரண்டு தேத்தண்ணீர், ஐஸ் போட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி வந்தேன். மச்சானுக்குச் சீனி இல்லாமல். திரும்பி வந்தால் வண்டி நின்ற இடத்தில் வெயில் மட்டும் இருந்தது.

போன் அடித்தேன்.

“மாப்ள, போன்ல ஒரு காரு போட்டு வீட்டுக்குப் போ.”

“நீங்க எங்க போறீங்க?”

“தனியா போறேன். இதுக்குத்தான இம்புட்டுப் பாடு?”

“தனியா எங்க மச்சான்?”

வைத்துவிட்டார். இரண்டு தேத்தண்ணீரையும் நானே குடித்தேன். ஒரு கையில் இனிப்பு, ஒரு கையில் கசப்பு, மாற்றி மாற்றி. கோபமாக இருந்தது. ஒரு நன்றி சொல்ல வேண்டாமா? இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போயிருக்க வேண்டாமா? இடது செருப்பு மாதிரி வேலை முடிந்ததும் கழற்றிவிட்டுப் போய்விட்டார் என்று கார்க்காரரிடம் புலம்பினேன். அவர் சீனர், ஒரு வார்த்தை புரியவில்லை, தலையாட்டிக்கொண்டே, மச்சான் ஆட்டைப் பார்க்கத்தான் போயிருப்பார் என்று நான் போட்ட காப்பார் முகவரிக்கு ஓட்டினார்.

காப்பாரில் பத்தொன்பது ஆடும் இருந்தன. பச்சைத் தழை முன்பே வெட்டிக் கட்டி வைத்திருந்தது. தொட்டியில் தண்ணீர் விளிம்புவரை. ஒரு நாளைக்கு வைக்கிற தீனி இல்லை அது, இரண்டு நாளைக்கு. அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கார்க்காரரைத் திருப்பச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் ஊனமுற்றோர் வண்டி நிறுத்துகிற இடம் ஒரு சரிவில் இருந்தது. பிக்கப் அங்கே நின்றது, இரண்டு கோட்டுக்கும் நடுவில், லோரிக்காரன் நிறுத்துகிற சுத்தத்தோடு. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் கம்பி கடைசிப் பல் வரைக்கும் இழுபட்டிருந்தது. எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

கீழே பார்த்தேன். முன் டயருக்குப் பின்னால் கயிறு கட்டின செங்கல்.

மூன்றாவது மாடி வார்டில் மச்சான் படுத்திருந்தார். ஆஸ்பத்திரி உடை, கையில் ஊசி. என்னைப் பார்த்ததும் சொன்னார்:

“தாமதமா வந்துட்ட. கையெழுத்து நானே போட்டாச்சி. சரியான எடத்துல.”

“எத்தன?”

“ரெண்டு வெரலு. பெருசும் அதுக்குப் பக்கத்துதும். நாளைக்குக் காலைல. போன வாரமே வந்திருந்தா ஒன்னோட போயிருக்குமாம், டாக்டரு திட்டுறாரு.”

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் வெல்டிங் மோசமாக இருந்தது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அதைத்தான் நினைத்தேன்.

“நீ பாத்தல்ல, அன்னிக்கி?”

“பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“வாய் வரல மச்சான்.”

“கையெழுத்துப் போட மட்டும் கை வந்துச்சி.”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். கிண்டல் என்று நினைத்துவிட்டார். நானும் சிரிக்கப் பார்த்தேன், எல்லாரையும் விடச் சத்தமாக. சத்தம் வரவில்லை.

மச்சான் என்னைப் பார்த்தார். ஆட்டைக் கட்டிப்போட்டுப் பார்ப்பது போல. பிறகு, “விடு. நீ வாயத் தொறந்திருந்தா இன்னேரம் நான் பதினோராவது மாடி. ஒரு வெரலுக்கு ஒரு லைசன்ஸ். மோசமில்ல” என்றார். “மூனு வெரலு இருந்தா பிரேக்க மிதிக்கலாம். டாக்டருகிட்ட கேட்டுட்டேன்.”

“சரி மச்சான்.”

“செருப்புதான் நிக்காதாம். வாரு மாட்டற எடமே போவுதுல்ல.” கட்டிலுக்கு அடியைக் கண்ணால் காட்டினார். வலது செருப்பு ஒன்று அங்கே கிடந்தது. “எடுத்துட்டுப் போ. வீட்டுலயும் நாலு கெடக்கு. ஒனக்கு இப்ப அஞ்சு ஜோடி. சாகற வரைக்கும் நீ செருப்பு வாங்க வேணாம்.”

குனிந்து எடுத்தேன். அவர் தலையணைக்கு அடியிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து என் மேல் எறிந்தார். நாளை மறுநாள் ஆட்டுக்குத் தீனி வைக்க வேண்டும், தங்கையிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும், மகனிடம் தாளைக் காட்டிய பிறகுதான் விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரிசையாக உத்தரவு போட்டார். நான் கதவு வரைக்கும் போனதும் கூப்பிட்டார்.

“மாப்ள. கல்ல மறந்துறாத.”

வண்டியில் ஏறிச் செருப்பைப் பக்கத்துச் சீட்டில் வைத்தேன். பழக்கத்தில் என் இடது கால் பெடலைத் தேடிப் போனது. பெடல் கிடைக்கவில்லை, என் தகடுதான் குறுக்கே நின்றது. மூலையில் கையை விட்டுச் சிவப்புப் பிடியை இழுத்தேன். எஞ்சினைக் கிளப்பிப் பின் கியரில் போட்டேன். பின்னால் திருப்பி, ஏதோ ஏறி இறங்கியது மாதிரி ஒரு குலுக்கல், வாசலைப் பார்த்து நகர்ந்தேன். கதவுப் பக்கம் ‘தடக் தடக்’ என்று ஒரு சத்தம் கூடவே வந்தது. காவலாளி கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“அங்கிள்! கல்லு அங்கிள்! கல்லு!”

எனக்குக் கை முந்திக்கொண்டது. கம்பியைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன்.

நின்றது. நெற்றி ஸ்டியரிங்கில் இடிக்கிற மாதிரி நின்றது.

குனிந்து பார்த்தேன். என் இரண்டு காலும் சும்மாதான் இருந்தன.